ஒரு கிலோ லேப்டாப்பும் ஒரு விரலும்

என் மச்சானுக்குக் கோவையில் பம்ப் உதிரிபாக வியாபாரம். வாரத்தில் நாலு நாள் வெளியூரில்தான் இருப்பார். இரண்டேகால் கிலோ லேப்டாப்பைத் தோளில் மாட்டி மாட்டி வலி தாங்காமல், போன வருடம் ஒரு கிலோவை ஒட்டிய எடையில் தொடுதிரை லேப்டாப் ஒன்றை வாங்கினார். விலை லட்சத்தைத் தாண்டிவிட்டது. வாங்கிய பத்தாம் நாள் ராத்திரி, சேலத்து லாட்ஜிலிருந்து போன்.

"மாப்ள, இதுக்குப் பேய் புடிச்சிருச்சு. நான் ஒரு இடத்துல தொட்டா வேற இடத்துல திறக்குது. கொட்டேஷன்ல ஒரு சைபர் சேர்ந்து போயிருச்சு!"

"சார்ஜர் போட்டிருக்கீங்களா மச்சான்?"

"ஆமா. நம்ம சார்ஜரை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஒண்ணு வாங்கினேன்."

"அதைக் கழட்டிட்டுத் தொட்டுப் பாருங்க."

கழற்றினார். பேய் போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்ல வேண்டுமானால், விரல் பட்டது திரைக்கு எப்படித் தெரிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

திரைக் கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வலை இருக்கிறது. இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளை மிக மெல்லிய படலமாகப் பூசினால், அதன் வழியே மின்சாரமும் போகும், வெளிச்சமும் போகும். இரண்டும் ஒன்றாக அமையும் பொருட்கள் அபூர்வம். அதைக் கொண்டு குறுக்கே கொஞ்சம் கோடுகள், நெடுக்கே கொஞ்சம் கோடுகள். இரண்டும் ஒன்றை ஒன்று தொடாமல் கடக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு குட்டி மின்தேக்கி. திரையின் பின்னால் உள்ள சிப், குறுக்குக் கோடுகளில் ஒவ்வொன்றாகத் துடிப்பை அனுப்பி, நெடுக்குக் கோடுகளில் எவ்வளவு மின்னூட்டம் வந்து சேர்கிறது என்று அளக்கிறது. நொடிக்கு நூறு தடவை அளவில் திரை முழுவதையும் இப்படிச் சுற்றி வருகிறது.

நம் உடம்பு பெரும்பாலும் உப்புத் தண்ணீர். விரல் அருகே வந்ததும், கோட்டிலிருந்து கோட்டுக்குப் போக வேண்டிய மின்புலத்தில் ஒரு பங்கு விரல் பக்கம் திரும்பிவிடுகிறது. வரவு குறைகிறது. எங்கே குறைந்ததோ அங்கே விரல். கோடுகளுக்கு நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும், பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில் எவ்வளவு எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட்டு, அதைவிட நுணுக்கமாக இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். அழுத்தத்துக்கு இதில் வேலையே இல்லை. பிளாஸ்டிக் பேனா முனையால் எவ்வளவு அழுத்தினாலும் திரை அசையாமல் இருப்பதும், ஒரு துளி தண்ணீர் விழுந்தால் கலவரப்படுவதும் இதனால்தான்.

யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் இருந்த அரசு ரேடார் ஆய்வகத்தில் இ. ஏ. ஜான்சன் 1965-இலேயே இதை எழுதி வெளியிட்டார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக. 1973-இல் ஜெனீவாவின் செர்ன் அணுத்துகள் ஆய்வகத்தில் பென்ட் ஸ்டும்பே ஆய்வகத்தின் துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்காக ஒளி ஊடுருவும் தொடுதிரை செய்தார். 1983-இல் வந்த ஹெச்பி-150 மேசைக் கணினி வேறு வழியில் போனது: திரையைச் சுற்றித் துளைகள், அவற்றின் வழியே அகச்சிவப்புக் கதிர்கள். விரல் கதிரை மறைத்தால் இடம் தெரியும். துளைக்குள் தூசி போய் அடைத்துக்கொண்டதுதான் கெட்ட பெயர் வாங்கித் தந்தது.

சரி, சேலத்துக்கு வருவோம். அந்த வலை அளப்பது மிக மிகச் சின்ன மாற்றம். மின்தேக்கியை அளக்கும் மிகச் சிறிய அலகான பிக்கோஃபாரடில் ஒரு துணுக்கு. சார்ஜரோ 230 வோல்ட்டை வாங்கி, நொடிக்கு லட்சம் தடவை அளவில் வெட்டி வெட்டி 20 வோல்ட்டாக்குகிறது. வெட்டும்போது எழும் இரைச்சலில் கொஞ்சம் லேப்டாப்பின் உடம்புக்குள் வந்துவிடும். மூன்று முள் பிளக்கில் எர்த் ஒழுங்காக இருந்தால் அது தரைக்குள் போய்விடும். இரண்டு முள்ளென்றால் போக வழி கிடையாது. லேப்டாப் முழுவதுமே மேலும் கீழும் ஊசலாடும். லேப்டாப் தன் போக்கில் ஊசலாடிக்கொண்டிருக்கும்வரை தொல்லை இல்லை. நம் விரல் பட்ட நொடியில்தான், தரையோடு தொடர்புள்ள உடம்பு வழியாக அந்த இரைச்சலுக்கு ஒரு பாதை கிடைக்கிறது. அதுவும் விரல் பட்ட நெடுக்குக் கோட்டில். துடிப்பு அனுப்பும் வேகமும் இரைச்சலின் வேகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எது விரல் எது இரைச்சல் என்று சிப்புக்குப் புரியாது. ஒரே கோட்டில் நாலு விரல் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

நல்ல சார்ஜரில் இரண்டு முள்ளே இருந்தாலும் இந்த இரைச்சலை அடக்கும் வடிகட்டிகள் இருக்கும். பஸ் ஸ்டாண்டு சார்ஜரில் காசு மிச்சம் பிடிப்பது முதலில் அங்கேதான். சார்ஜில் போட்டபடி லேப்டாப்பின் உலோக மூடியைப் புறங்கையால் தடவினால் எறும்பு ஊர்வதுபோல் சுருசுருவென்று இருக்கிறதே, அது இதே குடும்பத்தின் இன்னொரு பிள்ளை. வடிகட்டியின் மின்தேக்கி வழியே 50 ஹெர்ட்ஸில் கசிவது. நல்ல சார்ஜரில் அது மில்லி ஆம்பியரில் கால் பங்குக்குள் நிற்கும், ஆபத்தில்லை. ஆனாலும் வாங்கும்போது எர்த் முள் உள்ள சார்ஜர் கிடைக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது எடை. தொடுதிரை என்றால் பெரும்பாலும் மேலே ஒரு கண்ணாடித் தகடு கூடுதலாக வரும். 14 அங்குலத் திரை ஏறக்குறைய 30 செ.மீ. அகலம், 19 செ.மீ. உயரம். அரை மில்லிமீட்டர் கண்ணாடியை அதன் மேல் வைத்தால் 28 கன சென்டிமீட்டர். கண்ணாடியின் அடர்த்தி இரண்டரைக்குச் சற்றுக் குறைவு என்பதால் 70 கிராம் ஆகிறது. இரண்டரைக் கிலோ லேப்டாப்பில் 70 கிராம் தெரியாது. ஒரு கிலோவில் அது நூற்றுக்கு ஏழு.

அதனால்தான் விளம்பரத்தில் போடும் எடைக்குப் பக்கத்தில் 'தொடங்கி' என்றொரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கிருந்து தொடங்குகிறது? பெரும்பாலும் தொடுதிரை இல்லாத, மின்கலம் சிறிய மாடலிலிருந்து. 2019-இல் வந்த ஹெச்பி எலைட் டிராகன்ஃபிளை ஒரு கிலோவுக்குக் கீழே என்று பெயர் வாங்கியது. அது 38 வாட்-மணி (மின்கலத்தின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) மின்கலம் வைத்த வடிவம். 56 வாட்-மணி கேட்டால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். ஃபுஜிட்சு ஜப்பானில் விற்ற 634 கிராம் லேப்டாப்பைக் கையில் எடுத்தால் காகித அட்டை போலிருக்கும். அதில் தொடுதிரை கிடையாது. மின்கலத்தைப் பொறுத்தவரை கால் கிலோவுக்கு 55, 60 வாட்-மணி என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். வழக்கமான விமானப் பயணத்துக்குத் தனி அனுமதி இல்லாமல் 100 வாட்-மணி வரை போகலாம், அதைப் பற்றி இந்த ரகத்தில் கவலையே வேண்டாம்.

லேப்டாப்பின் வெளிக்கூட்டுக்கு அலுமினியமா, மெக்னீசியமா என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். மெக்னீசியக் கலவையைத் தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் மாதிரி சத்தம் வரும். "இவ்வளவு காசுக்கு பிளாஸ்டிக்கா?" என்று மச்சானே கடையில் முகம் சுளித்தார். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, மெக்னீசியக் கலவையுடையது 1.8 அளவில். மெக்னீசியம் அதைவிட எளிதில் வளையும் என்பது உண்மை. ஆனால் தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடியில் (தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு) ஏறுவதால், ஆறில் ஒரு பங்கு தடிமன் கூட்டினாலே அலுமினியத்தின் விறைப்பு வந்துவிடுகிறது. அப்படிக் கூட்டிய பிறகும் எடை முக்கால் பங்குதான். கார்பன் இழைக் கூடு இன்னும் இலேசு. லெனோவோவின் எக்ஸ்1 கார்பன் 2012-இலிருந்து பெயரிலேயே அதைச் சுமக்கிறது.

இப்போது கீல், அதாவது திரையையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் மூட்டு. தொடுதிரை லேப்டாப் வாங்குகிறவர்கள் புராசஸரை ஒரு மணி நேரம் விசாரிப்பார்கள், கீலை ஒரு நிமிடம்கூடப் பார்க்க மாட்டார்கள். இலேசான தொடுதிரை லேப்டாப்பில் எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் அதுதான்.

திரையின் மேல் விளிம்புக்கு அருகே தட்டுகிறீர்கள். விசை ஒரு நியூட்டன் என்று வையுங்கள், நூறு கிராம் எடைக்குச் சமம். கீலிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் அது 0.2 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. பின்னால் சாய்ந்திருக்கும் மூடியின் சொந்த எடையும் சேர்ந்தால் 0.3-ஐத் தாண்டும். கீலின் உராய்வு அதைவிடக் குறைவாக இருந்தால், தொடத் தொடத் திரை பின்னால் சாய்ந்துகொண்டே போகும். அப்படியானால் கீலை நன்றாக இறுக்கிவிடலாமே? அங்கேதான் இடிக்கிறது. ஒரு கையால் மூடியைத் திறக்கும்போது, கீலின் உராய்வு அடிப்பாகத்தையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். அதைத் தடுப்பது அடிப்பாகத்தின் எடை ஒன்றுதான். அறுநூறு கிராம் அடிப்பாகம், அதன் நடுப்புள்ளி கீலிலிருந்து பத்து செ.மீ. தள்ளி: 0.6 நியூட்டன் மீட்டர். ஆக 0.3-க்கு மேல், 0.6-க்குக் கீழ். லேப்டாப் இளைக்க இளைக்க மேல் எல்லை இறங்குகிறது. தொடுதிரைக் கண்ணாடி மூடியைக் கனமாக்கக் கீழ் எல்லை ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்தச் சந்தில்தான் கீல் செய்கிறவர் உட்கார வேண்டும்.

கடையில் இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். மேசையில் வைத்து ஒரே விரலால் திறங்கள். அடிப்பாகம் எழும்பாமல் திறந்தால் ஒரு பாதி சரி. அப்புறம் மேல் மூலையை மூன்று தடவை தட்டுங்கள். எத்தனை ஆட்டத்தில் திரை நிற்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு ஆட்டத்துக்குள் நின்றால் நல்ல கீல். ஐந்து என்றால் பக்கத்து மாடலைப் பாருங்கள்.

நிமிர்ந்த திரையை நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருப்பது எப்படியும் நடக்காது. தூக்கிய கை சில நிமிடத்தில் கனக்கும். கணினிக்காரர்கள் இதற்குக் 'கொரில்லா கை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தொடும் பரப்பு செங்குத்தாக இருப்பது ஒத்துவராது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் மேடையிலேயே சொன்னார். இரண்டு வருடம் கழித்து மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8-ஐத் தொடுவதற்கென்றே வடிவமைத்து வெளியிட்டது. என்னைக் கேட்டால், தனியாக உட்கார்ந்து எக்செல் பார்ப்பவருக்கு ஜாப்ஸ் சொன்னதுதான் சரி. எதிரில் ஒருவர் இருக்கும் வேலைக்கு அது பொருந்தாது. மச்சான் திரையை 180 பாகை படுக்க வைத்து, வாடிக்கையாளர் பக்கம் வரைபடத்தைத் திருப்புவார். அவர் தன் விரலாலேயே பெரிதாக்கி, "இந்த புஷ்ஷு அளவு மாத்தணும்" என்பார். டச்பேடை வைத்துக்கொண்டு இது நடக்காது.

கண்ணாடிக்கு இன்னொரு குணம் உண்டு: எதிரொளிப்பு. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒவ்வொரு பரப்பிலும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பிவிடும். சிறிதுதானே என்று தோன்றும். டியூப்லைட் வெளிச்சத்தில் உங்கள் வெள்ளைச் சட்டை சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) அளவில் ஒளிர்கிறது. அதில் நூற்றுக்கு நான்கு பங்கு, கிட்டத்தட்ட ஐந்து. நல்ல எல்சிடி திரையின் கறுப்போ 0.3-தான். கறுப்புப் பின்னணியில் வேலை செய்தால் எழுத்துக்குப் பின்னால் சட்டைப் பொத்தானை எண்ணலாம். ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் சொல்லவே வேண்டாம்.

இதற்கும் எடைக்கும் சேர்த்து ஒரே மருந்து, தொடு வலையைத் தனிக் கண்ணாடியில் வைக்காமல் திரைப் பலகத்திலேயே கட்டிவிடுவது. விவரப் பட்டியலில் 'ஆன்-செல் டச்' அல்லது 'இன்-செல் டச்' என்று இருக்கும். கூடுதல் தகடு இல்லை, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி எதிரொளிப்பைச் சிதறடிக்கவும் முடியும். இதற்குக் கொடுக்கும் விலை? மேற்பரப்பு கண்ணாடி அளவுக்குக் கீறலைத் தாங்காது. பேனாவால் அழுத்தி எழுதினால் சில திரைகளில் நிறம் குளம்போல் கலங்குவதும் தெரியும். கையெழுத்து வாங்குவது தினசரி வேலை என்றால் கண்ணாடியே மேல். அதற்கான பேனா தன் முனையிலிருந்து தானே சமிக்ஞை அனுப்பும் ரகம் என்பதால், உள்ளங்கை திரையில் பட்டாலும் பேனா எது, கை எது என்று சிப் பிரித்துவிடும்.

மச்சான் வாங்கியது கண்ணாடி ரகம்தான். போன வாரம் அவரோடு ஈரோட்டுக்குப் போயிருந்தேன். ஒரு மில் முதலாளி பேனாவை மறுத்துவிட்டு, ஆள்காட்டி விரலாலேயே கையெழுத்துப் போட்டார். சாப்பிட்டுக் கை கழுவி வந்த ஈரம், முதல் தடவை கோடு இரண்டாகப் பிரிந்தது. மச்சான் வேட்டி நுனியால் திரையைத் துடைத்துவிட்டு, சார்ஜர் செருகியிருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.