செட் மாத்திரையும் பைபாஸ் ஆபரேஷனும்

"ஹார்ட்டுக்குத்தானே ஆபரேஷன் பண்ணீங்க, கிட்னி எப்படிப் போச்சு?" ஐசியூ வாசலில் இந்தக் கேள்வி இந்த மாதமும் வந்துவிட்டது. பதில் பல நேரம் தியேட்டருக்குள் இல்லை. வடசென்னையில் ராயபுரத்திலோ கொருக்குப்பேட்டையிலோ தெருமுனை மெடிக்கலில் இருக்கிறது.

"மூட்டு வலிக்கு ஒரு செட் குடுப்பா" என்றால், பெயர் தெரியாதபடி ஸ்ட்ரிப்பில் வெட்டிய மூன்று மாத்திரைகள் சின்னக் காகிதக் கவரில் வரும். அதில் ஒன்று அநேகமாக டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. காசிமேட்டில் விடியற்காலையிலிருந்து மீன் கூடையோடு நிற்கிற அம்மாவுக்கு அது இல்லாமல் கால் நகராது. ஆனால் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் பிரஷர், சுகர் மாத்திரைகளை மட்டும்தான் சொல்வார். ராமிப்ரில் அல்லது டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரை, கூடவே நீரை வெளியேற்றும் நீர் மாத்திரை, அதற்குமேல் இந்த வலி மாத்திரை: மூன்றும் சேர்ந்தால் கிட்னி தாங்காது.

உடனே ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். "கிரியாட்டினின் 1.2 தான் சார், நார்மல்னு போட்டிருக்கே." இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, கிட்னிதான் அதை வெளியேற்றும். மெலிந்த உடம்பில் அது உற்பத்தியாவதே குறைவு. அதனால் கிட்னி பாதி சோர்ந்திருந்தாலும் எண் பெரிதாக ஏறாது. இ.ஜி.எஃப்.ஆர். என்பது கிட்னி வடிகட்டும் வேகத்தின் கணக்கு, அது குறைந்தால் கிட்னி பலவீனம். அதே 1.2 இருக்கும் 30 வயது ஆணுக்கு அது சுமார் 83. 62 வயதுப் பெண்ணுக்கு 51தான். அவர் 42 கிலோ என்றால் உண்மை நிலை அதைவிட மோசமாகக்கூட இருக்கலாம். ஒரு கிட்னியையே தானம் கொடுத்தவருக்கும் கிரியாட்டினின் நார்மல் எல்லைக்குள் நிற்பதுண்டு. அந்த ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா, இரண்டையும் கேளுங்கள்.

ஆபரேஷனில் இதயத்தின் வேலையைச் செய்யும் பம்ப்பில் இருக்கும்போது பிரஷரைப் பிடித்து வைப்பது எங்கள் பொறுப்பு. ஆனால் முன்பே கரைந்துபோன கிட்னியை எங்களால் திருப்பித் தர முடியாது.

ஆபரேஷன் தேதி முடிவானதும் வலி மாத்திரையை நிறுத்துங்கள். ஆஞ்சியோவில் ரத்தக்குழாய் தெரிவதற்காக ஏற்றும் மையும் கிட்னிக்குச் சுமைதான். அவசரம் இல்லையென்றால், ஆஞ்சியோ முடிந்து 48 முதல் 72 மணி நேரத்தில் கிரியாட்டினினை மறுபடி பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குப் போவது நல்லது. சுகருக்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போடுபவர்கள் வாயைத் திறந்து சொல்லுங்கள், குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மயக்க மருத்துவரைக் கேளுங்கள். கிட்னியைக் கழுவுகிறேன் என்று நாலு லிட்டர் தண்ணீர் குடிக்கவே கூடாது. பலவீனமான இதயம் நுரையீரலில் நீரைத் தேக்கிவிடும்.

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் மணிக்கொரு தடவை யூரின் அளப்பார். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே 6 மணி நேரம் நீடித்தால் எங்களுக்கு எச்சரிக்கை மணி. முதல் நாள் கிரியாட்டினின் குறைவாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஏற்றிய திரவத்தில் ரத்தம் நீர்த்திருக்கும், இரண்டாம் நாள்தான் உண்மை தெரியும்.

வீட்டுக்குப் போனபின் நெஞ்செலும்பு வலிக்கத்தான் செய்யும். எழுதிக்கொடுத்த பாராசிட்டமாலை எழுதிய அளவில் போடுங்கள். போதவில்லையென்றால் எங்களுக்குப் போன் பண்ணுங்கள், தயவுசெய்து செட் வாங்காதீர்கள். கிட்னி ஒருமுறை தடுமாறியிருந்தால் 3 மாதத்தில் கிரியாட்டினினும் ஆல்புமினும் மறுபடி பார்க்க வேண்டும். வரும்போது வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரையையும், அந்தக் காகிதக் கவரோடு, எடுத்து வாருங்கள்.