நர்ஸிங் தியரி பரீட்சைக்கு மட்டும்தானா?

போன மாதம் காலை ரவுண்டுக்குப் போனபோது, ஏழாம் பெட் அம்மாவின் கேஸ் ஷீட்டில் இரவு எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். "பதற்றமாக இருக்கிறார், காரணமில்லாமல் அடிக்கடி அழைக்கிறார்." இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். முதல் தடவை பெல் அடித்துத் தண்ணீர் கேட்டிருக்கிறார். அடுத்து தலையணையைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறார். அப்புறம் மணி என்ன என்று கேட்டிருக்கிறார். அதற்கு மேல் அடித்தபோது யாரும் போகவில்லை. விடிவதற்கு முன்னால் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே தரையில் கிடந்தார். மணிக்கட்டு உடைந்துவிட்டது. வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக வேண்டிய கை அது.

அவருக்கு வேண்டியிருந்தது பெட்பேன், அதாவது கட்டிலிலேயே சிறுநீர், மலம் கழிக்க வைக்கும் பாத்திரம். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக ஓர் ஆண் உட்கார்ந்திருந்ததால் வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். அதனால்தான் தண்ணீர், தலையணை, மணி என்று சுற்றி வளைத்திருக்கிறார்.

டியூட்டியில் இருந்த பெண் அழுதுவிட்டாள். கெட்ட பெண் இல்லை, வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "ஓர்லாண்டோ படிச்சிருக்கியாம்மா?" என்று கேட்டேன். "அது தியரிதானே சிஸ்டர், பரீட்சைக்குப் படிச்சது" என்றாள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இந்த முறை எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அமெரிக்க நர்ஸ் ஐடா ஜீன் ஓர்லாண்டோ 1961இல் வெளியிட்ட புத்தகத்தில் சொன்னது அந்த ராத்திரிக்கே எழுதியது போல இருக்கும். நோயாளியின் நடத்தை எப்படித் தோன்றினாலும், அது உதவி கேட்பதாக இருக்கலாம். அதைப் பார்த்து நர்ஸ் மனதில் ஒன்று நினைக்கிறாள், ஒன்று உணர்கிறாள். அந்த நினைப்பு சரியா என்று நோயாளியிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் செயல்பட வேண்டும். கேட்காமல் செய்வது பழக்கத்தில் செய்யும் வேலை, நர்ஸிங் ஆகாது. அவர் இதைக் கற்பனையில் பிடிக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, நர்ஸும் நோயாளியும் பேசிக்கொண்டவற்றைப் பதிவு செய்து, எது நல்ல நர்ஸிங், எது மோசமான நர்ஸிங் என்று பிரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறான எண்ணம் இதுதான்: யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து யோசித்தது தியரி, வார்டில் கையால் செய்வது பிராக்டிகல். அப்படி இல்லவே இல்லை. வார்டில் திரும்பத் திரும்ப நடந்த ஒரு தவறைக் கவனித்த நர்ஸ், அது ஏன் நடக்கிறது என்று யோசித்து எழுதிவைத்ததுதான் பெரும்பாலான தியரிகள். 1854இல் கிரிமியப் போரின்போது துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போன ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே அழுக்கையும் நெரிசலையும் பார்த்தார். 1859இல் அவர் எழுதிய புத்தகம் காற்று, வெளிச்சம், சுத்தம், உணவு, அமைதி என்றே போகிறது. நோயாளியின் காதில் அரைகுறையாக விழும்படி கிசுகிசுப்பது எவ்வளவு கொடுமை என்றும் அதில் எழுதியிருக்கிறார். நாம் இன்றும் கதவருகே நின்று கிசுகிசுக்கிறோம்.

அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, சொன்னதைச் செய்பவள் என்ற இடத்திலேயே நர்ஸ் இருந்தாள். அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ் தன் புத்தகத்தை 1948இலேயே முடித்துவிட்டார். டாக்டரின் பெயர் கூட இல்லாமல் ஒரு நர்ஸ் தனியாகப் புத்தகம் போடுவதா என்ற தயக்கத்தில் அது வெளிவர 1952 ஆனது. நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்பதுதான் அதன் சாரம். 'தியரி எதற்கு' என்று அலட்சியமாகக் கேட்கிறவர்கள், நமக்கென்று ஓர் அறிவுத்துறை இருக்கிறது என்று நிறுவ பெப்லாவ் போன்றவர்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நர்ஸ் வர்ஜீனியா ஹெண்டர்சன், மூச்சு, உணவு, தூக்கம் என்று நோயாளியின் 14 அடிப்படைத் தேவைகளைச் சொன்னார். பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு முக்கியமானதை விட்டுவிடுகிறோம். தெம்பும் மனமும் விவரமும் இருந்தால் நோயாளி தானே செய்துகொள்வதை, அவை இல்லாதபோது நாம் செய்து தருகிறோம். அதையும் நோயாளி சீக்கிரம் சொந்தக் காலில் நிற்கும்படி செய்ய வேண்டும். 1971இல் புத்தகமாக எழுதிய டொரோத்தியா ஓரெம் இதை இன்னும் கூர்மையாக்கினார்: சிலருக்கு முழுவதும் நாம் செய்ய வேண்டும், சிலருக்குப் பாதி, சிலருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். பக்கவாதம் வந்தவரின் இடது கை நன்றாக இருக்கும்போது, நேரம் மிச்சமாகும் என்று நாம் ஊட்டிவிட்டால் அது அன்பு ஆகாது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனதும் யார் ஊட்டுவது?

குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தபோது, பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கிறார்கள் என்று கவனித்ததிலிருந்து வந்தது காலிஸ்டா ராயின் தகவமைப்புக் கோட்பாடு. ஒருவர் வளர்ந்த பண்பாடு தெரியாமல் அவரைக் கவனிக்க முடியாது என்றார் மேடலின் லெய்னிங்கர். 1970இல் மார்த்தா ரோஜர்ஸ் எழுதிய தியரி புரிந்துகொள்ளக் கடினம்தான், வார்டில் சோதித்துப் பார்ப்பது கஷ்டம் என்ற விமர்சனமும் நியாயமானது. அந்த ஒன்றை வைத்து மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

சீனியர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வந்தவள் விதியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள், அனுபவசாலிதான் மொத்தச் சூழலையும் ஒரு பார்வையில் புரிந்துகொள்வாள் என்று பட்ரீஷியா பென்னர் 1984இலேயே ஐந்து படிகளாக விளக்கிவிட்டார். அதைப் படித்த நாமே மூன்று மாத நர்ஸை ராத்திரியில் தனியாக விடுகிறோம். ஆசிரியர்கள் பெயரும் வருடமும் கேட்டு மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, ஒரு கேஸைக் கொடுத்து "இங்கே ஓரெம் என்ன செய்வார்?" என்று கேளுங்கள்.

சரி, இன்று டியூட்டிக்குப் போகிறவர்களுக்கு. இரண்டாவது தடவை பெல் அடித்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், குனிந்து, தாழ்ந்த குரலில் கேளுங்கள்: பாத்ரூம் போகணுமா, வலிக்குதா, பயமா இருக்கா? "வேற ஏதாவது வேணுமா" என்று நடந்துகொண்டே கேட்பது கேட்டதாகாது. கேஸ் ஷீட்டில் அவர் சொன்னதை எழுதுங்கள், உங்கள் அபிப்பிராயத்தை வேண்டாம். 'காரணமில்லாமல்' என்ற சொல்லை இனி எந்தக் குறிப்பிலும் நான் பார்க்கக் கூடாது. ஹேண்ட்ஓவரில் யாரையும் 'தொல்லை' என்று சொல்லாதீர்கள். அடுத்த ஷிப்ட் அதே கண்ணோடுதான் அவரைப் பார்க்கும்.

கட்டிலில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால் எதையும் விளக்க வேண்டாம். "சிஸ்டர், கொஞ்சம் கிட்ட வாங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.