சுற்றாடல் அங்கீகாரம்: மேன்முறையீடு யாருக்கு, வழக்கு யாருக்கு?

திருகோணமலையில் பெரிய வீதியோ மின்கம்பிப் பாதையோ வரப்போகிறது என்றால், "பிழையாக அனுமதி கொடுத்தால் பிறகு மேன்முறையீடு செய்வோம்" என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சட்டத்தில் அந்த வழி ஊர்மக்களுக்கு இல்லை.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டப்படி, பெரிய திட்டங்களுக்குத் தேவைப்படும் சுற்றாடல் அங்கீகாரம் மறுக்கப்பட்டால் திட்டத்தைக் கொண்டுவந்த தரப்பு அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவர் முடிவே இறுதியானது. அங்கீகாரம் கிடைத்துவிட்டால், அதனால் பாதிக்கப்படுகிறவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. இது பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன்.

எல்லா வேலைக்கும் இந்த அங்கீகாரம் தேவையில்லை. 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை, 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுவது போன்றவை 1993 வர்த்தமானிப் பட்டியலில் உள்ளன. முழுவதும் கரையோர வலயத்துக்குள் (தரைப்பக்கம் 300 மீற்றர்) வரும் வேலையைக் கரையோரம் பேணல் திணைக்களம் பார்க்கும்.

ஊர்மக்களின் கையில் உண்மையான பலம் இருப்பது, கருத்துச் சொல்லக் கிடைக்கும் 30 நாட்களில்தான். திட்டத்தால் சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று ஆராயும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். அது வந்து 30 நாட்களுக்குள் யாரும் கருத்தை எழுத்தில் கொடுக்கலாம். "எங்களுக்கு வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தக் குளம், எந்த வாய்க்கால், எந்த வயல், அறிக்கையின் எந்தப் பக்கம் என்று குறித்து எழுதுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் அதுதான் பேசும். சிறிய அளவிலான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை என்றால் கருத்துக் கேட்கும் கட்டாயம் இல்லை. ஆனால் அறிக்கையைப் பார்வையிடலாம்.

சரி, அங்கீகாரம் கொடுத்தாயிற்று. இனி நீதிமன்றம்தான். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனு (அதிகாரிகளின் முடிவு சட்டப்படி சரியா என்று கேட்கும் மனு) போடலாம்; நாள் எல்லை இல்லாவிட்டாலும் தாமதித்தால் மனு தள்ளுபடியாகலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதத்துக்குள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வெறுமனே முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு இருந்துவிடாமல், விசாரணை தொடங்கியதா என்று கேளுங்கள்.

சம்பூர் அனல்மின் நிலையத்துக்கு எதிரான மனுவில், அதை அங்கே கட்டப்போவதில்லை என்று 2016 செப்டெம்பரில் அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. எப்போதும் அப்படி நடக்காது. தெற்கு அதிவேக வீதியின் பாதையை மாற்றியபோது காணிக்காரரைக் கேட்காதது பிழை என்று 2004இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது நட்டஈடு, வீதி அந்தக் காணிகளூடாகவே போனது.

அங்கீகாரத்துக்குப் பிறகு திட்டம் மாறினால், அந்த மாற்றத்துக்கும் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரக் கடிதத்தையும் நிபந்தனைகளையும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கையில் வந்ததும், நிலத்தில் நடக்கிற வேலையோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.