பழைய எம்ஜி காருக்கு எலக்ரோனிக் இக்னிஷன் வாங்குமுன்

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜைப் பிரித்துப் பூட்டாத பழைய கராஜ் இல்லை. எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி எஞ்சினும் கேம்பிரிட்ஜ் ஏ60இன் 1622 சிசி எஞ்சினும் 'பி' வரிசை என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிலிண்டர்கள் தீப்பற்றும் ஒழுங்கும் இரண்டிலும் 1-3-4-2 தான். இந்த உறவை நம்பி, கையில் அகப்பட்ட டிஸ்ரிபியூட்டரையும் (சிலிண்டர்களுக்கு உரிய நேரத்தில் தீப்பொறி மின்னைப் பங்கிடுவது) கொயிலையும் (அந்த உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குவது) ஸ்போர்ட்ஸ் எஞ்சினில் ஏற்றுவதால் வரும் பழுதுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் 1966ஆம் ஆண்டு எம்ஜிபி ஒன்றை என்னிடம் கட்டியிழுத்து வந்தார்கள். உரிமையாளரின் மருமகன் லண்டனிலிருந்து அனுப்பிய எலக்ரோனிக் மொடியூலை (கொயிலின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் 'பொயின்ற்ஸ்' தொடுமுனைகளுக்குப் பதிலாகப் பூட்டுவது) வீட்டிலேயே பூட்டிச் சாவியைத் திருப்பியதும் அது எரிந்துபோயிற்று. 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பற்றரியின் நேர்முனையே பொடியில் எர்த் செய்யப்பட்டிருக்கும். வந்த மொடியூலோ மறைமுனை எர்த்துக்கானது. இடையில் யாராவது முனையை மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், காரின் வருடத்தை மட்டும் நம்பாமல், ஆசனங்களுக்குப் பின்னாலுள்ள மூடியைத் திறந்து, எந்த முனையின் வயர் பொடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்த பின்பே மொடியூலுக்குச் சொல்லியனுப்புங்கள்.

அதே காரின் கொயிலையும் அளந்தேன். மல்ரிமீற்றரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் சிறு தடையைக் கழித்துப் பார்த்தால், 1.5 ஓம் வந்தது. அது, மின்னோட்டத்தைக் குறைக்கும் பலாஸ்ற் தடையுடன் பூட்டவேண்டிய கொயில். அந்தக் காரிலோ பலாஸ்ற் இல்லை. 13.5 வோல்ற்றில் 3 ஓம் கொயில் 4.5 அம்பியர் இழுக்க, இது 9 அம்பியர் இழுக்கும். சரியான மொடியூலைப் பூட்டியிருந்தாலும் நெடுநாள் தாங்கியிராது.

இவற்றைவிட நான் அஞ்சுவது டிஸ்ரிபியூட்டரின் உட்புறத்தை. எஞ்சின் வேகம் ஏற ஏற உள்ளேயிருக்கும் இரு எடைகள் விரிந்து தீப்பொறியை முன்கூட்டி விழச்செய்கின்றன. எந்த வேகத்தில் எவ்வளவு முன்கூட்டி என்பதை அவற்றைப் பிடித்திருக்கும் மெல்லிய ஸ்பிரிங்குகளே தீர்மானிக்கின்றன. குடும்பக் காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் அந்த ஸ்பிரிங்குகள் வேறு. இந்த முன்கூட்டலின் உச்ச அளவாக உள்தட்டில் 10 என்று பொறித்திருந்தால் கிராங்கில் அது 20 பாகை, ஏனெனில் டிஸ்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்திலேயே சுழல்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மூத்த மெக்கானிக்குகளிடம் தொழில் கற்றவன் நான். காதாலேயே ரைமிங் (தீப்பொறி விழும் நேரம்) வைக்கும் அவர்களின் திறமைக்கு இன்றும் தலைவணங்குகிறேன். ஆனால் நிமிடத்துக்கு 4000 சுற்றில் எழும் நொக்கிங்கை (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதால் வரும் தட்டல் ஒலி) காற்றும் சைலன்சர் இரைச்சலும் மூடிவிடும். 8.8க்கு 1 என்ற அழுத்த விகிதமுள்ள எஞ்சினை 92 ஒக்ரேன் பெற்றோலில் ஓட்டுபவர், ஐடிலில் மட்டுமல்லாமல் 3000 சுற்றுக்கு மேலும் ரைமிங் லைற் பிடித்துப் பார்க்காவிட்டால், பிஸ்டன் ஓட்டையான பிறகே விடயத்தை அறிவார்.

எலக்ரோனிக் மொடியூலுடன் செப்புக் கம்பி பிளக் வயர் வேண்டாம். கார்பன் வயரே போடுங்கள். அக்காலத்துச் சில சுற்றுமானிகள் கொயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை எண்ணியே சுற்றைக் காட்டுவதால், மொடியூல் பூட்டியபின் அவை தடுமாறலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

அந்த எம்ஜிபிக்கு 3 ஓம் கொயில் போட்டு, பழைய பொயின்ற்ஸையே 0.015 அங்குல இடைவெளியில் வைத்து அனுப்பினேன். பொயின்ற்ஸ் கருகாமல் காக்கும் நல்ல கொண்டென்சர் கிடைத்துவரும் காலம்வரை அதுவே போதும் என்பது என் எண்ணம். நேர்முனை எர்த்துக்கான மொடியூல் வந்ததும் பூட்டித் தருவேன், ஆனால் பொயின்ற்ஸ் தட்டைக் கொண்டென்சரோடு ஒரு தகரப் பெட்டியில் காருக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். ஏ9 வீதியில் பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் மொடியூல் நின்றுபோனால், ஒரு ஸ்குரூ டிரைவரும் பீலர் கேஜும் இருந்தால் வீதியோரத்திலேயே மாற்றிக்கொண்டு புறப்படலாம்.