பெண்கடலில் அலை இல்லை என்று இறங்கிவிடாதீர்கள்

ஆடி மாதம் தனுஷ்கோடி சாலையில் நின்றால் இரண்டு கடலும் ஒன்றாகக் கண்ணில் படும். தெற்கே மன்னார் வளைகுடா நுரை தள்ளிக்கொண்டு கரையில் மோதும், வடக்கே பாக் விரிகுடா குளம் மாதிரிக் கிடக்கும். ஊர்க்காரர்கள் முதலாவதை ஆண்கடல் என்றும் அடுத்ததைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். இந்த ராமேஸ்வரம் தீவில் கைட் சர்ஃபிங், அதாவது பட்டம் மாதிரியான பெரிய கைட் காற்றில் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்குவதைக் கற்றுக்கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் எல்லாரும் பெண்கடலைக் காட்டி, "அங்கே அமைதியா இருக்கே, பேடில் போர்டு எடுத்துட்டுப் போகலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். நின்றுகொண்டே துடுப்புப் போட்டுப் போகிற பலகைதான் பேடில் போர்டு.

அங்கே அமைதியாக இருப்பதற்குக் காரணமே காற்றுதான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். ஆண்கடலில் வெகுதூரம் தண்ணீரை உரசிக்கொண்டே வருவதால் அங்கே அலை எழும்புகிறது. அதே காற்று மணல்திட்டைத் தாண்டிப் பெண்கடலில் இறங்கும்போது, கரையோரத்தில் அலை எழும்பத் தேவையான தூரம் அதற்குக் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். வேகம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, உங்களை முதுகில் தள்ளிக் கடலுக்குள் கொண்டுபோகிற காற்று அது. அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வந்தால் எல்லாம் தலைகீழ், ஆண்கடல் அடங்கிவிடும், ஆபத்தும் அந்தப் பக்கம் போய்விடும்.

ஒரு ஜூலையில் கல்லூரிப் பையன் ஒருவனை நாட்டுப்படகில் போய்த் தூக்கி வந்தோம். நன்றாக நீந்தத் தெரிந்தவன். போகும்போது துடுப்பே போடாமல் போர்டு வழுக்கிக்கொண்டு போனதில் குஷியாகிவிட்டான். திரும்பும்போதுதான் காற்று முகத்தில் அறைந்திருக்கிறது, நின்றால் உடம்பே பாய் மாதிரிக் காற்றை வாங்கும், மண்டிபோட்டுத் துடுப்புப் போட்டும் கரை விலகிக்கொண்டே போயிருக்கிறது. படகில் ஏற்றியபோது இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. "போர்டை விட்டுட்டு நீந்திரலாம்னு நெனச்சேன் அண்ணே" என்றான். விட்டிருந்தால் அவனைக் கண்டுபிடித்திருக்க மாட்டோம். அந்த வெயிலில் தண்ணீருக்கு மேலே ஒரு தலை மட்டும் தெரிந்தால் படகிலிருந்து கண்ணுக்கே அகப்படாது.

கைட்டில் நன்றாகத் தேறியவர்களுக்கு இந்தத் தட்டையான தண்ணீர் ரொம்பப் பிடிக்கும், ஆனால் அவர்களும் மீட்புப் படகு தயாராக நிற்காமல் இறங்கக் கூடாது. கற்றுக்கொள்கிறவர்களுக்குக் காற்று பக்கவாட்டில் வந்து கரையை நோக்கிச் சாய்கிற இடம்தான் வேண்டும், கைட் விழுந்தாலும் அது கரையில் கொண்டுவந்து சேர்க்கும். சவுக்குத் தோப்பையோ கட்டடத்தையோ தாண்டி வருகிற காற்று சீராக இருக்காது, கைட் திடீரென்று தொய்ந்து அடுத்த நொடியே வெட்டி இழுக்கும்.

இறங்கும் முன் ஒரு பிடி காய்ந்த மணலை அள்ளி இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். மணல் கடல் பக்கம் பறந்தால் போர்டைக் கரையிலேயே வையுங்கள். அப்புறம் காலை எட்டு மணிக்குப் பார்த்த காற்றை நம்பி மதியம் போகாதீர்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

யாரையாவது காற்று கடலுக்குள் இழுத்துப் போவதைப் பார்த்தால் நீந்திப் பின்னால் போகாதீர்கள். கண்ணை அவரிடமிருந்து எடுக்காமல், பக்கத்தில் படகு வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள், கடலோரக் காவல்படைக்கு 1554 அடியுங்கள். எந்தப் பக்கக் கடல், எத்தனை மணிக்குக் கடைசியாகப் பார்த்தீர்கள், காற்று எந்தத் திசைக்குப் போகிறது என்று சொல்லுங்கள். அதை வைத்துத்தான் எங்கே தேடுவது என்று முடிவு செய்வார்கள்.