தக்கை: காற்றைப் பூட்டி வைக்கும் மரப்பட்டை

ஒயின் புட்டியை மூடும் தக்கை மரக்கட்டையிலிருந்து செதுக்கப்படுவதன்று. அது முழுக்க முழுக்க மரப்பட்டையே. போர்ச்சுகலின் அலென்டெஜோ பகுதி, தென்மேற்கு ஸ்பெயின், மொராக்கோ என மேற்கு மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நிலங்களில் வளரும் குவெர்கஸ் சூபர் என்னும் ஓக் மரம் அதைத் தருகிறது. உலக உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுகலுக்கு உரியது.

தக்கைத் திசு இந்த மரத்துக்கு மட்டும் உரியதன்று. பெரும்பாலான மரங்களில் தண்டு பருக்கும்போது இளம்பருவத்துப் புறத்தோல் கிழிந்துபோகிறது. அதை ஈடுசெய்ய, உட்புறத்தில் ஃபெல்லோஜென் என்னும் மெல்லிய ஆக்குத்திசு உருவாகி, வெளிப்பக்கமாகத் தக்கைச் செல்களை அடுக்கிக்கொண்டே போகிறது. உருளைக்கிழங்கின் பழுப்புத் தோலும் இத்தகைய திசுதான். பெரும்பாலான மரங்களில் ஒரு ஃபெல்லோஜென் ஓய்ந்தபின் இன்னும் ஆழத்தில் வேறொன்று துண்டு துண்டாகத் தோன்றுவதால், பட்டை பல திசுக்கள் கலந்து வெடித்துச் செதிலாகிறது. இந்த ஓக் மரத்திலோ ஒரே ஃபெல்லோஜென் தண்டை முழுவதுமாகச் சுற்றி நின்று பல ஆண்டுகள் இயங்குவதால், கலப்பில்லாத தடித்த தக்கை கிடைக்கிறது.

புதிதாகப் பிறந்த தக்கைச் செல் தன் சுவரின் உட்புறத்தில் சூபரின் என்னும் கொழுப்புத்தன்மை கொண்ட பொருளையும் மெழுகையும் படலமாகப் பூசிக்கொள்கிறது. நீரும் வளியும் எளிதில் நுழைய முடியாத அந்தச் சுவருக்குள் செல் இறந்துவிட, உள்ளடக்கம் மறைந்து காற்று மட்டும் எஞ்சுகிறது. செல்களுக்கு இடையே இடைவெளியே கிடையாது. ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 4 கோடி செல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. தக்கையின் கன அளவில் மிகப் பெரும்பகுதி காற்றுதான். அது மிதப்பதற்கும் வெப்பத்தைக் கடத்தாமைக்கும் காரணம் இதுவே.

1660-களில் இலண்டனில் ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக், கூரிய கத்தியால் தக்கையின் மெல்லிய சீவலை எடுத்து நுண்ணோக்கியின்கீழ் வைத்தபோது கண்டவை இந்தக் காலிச் சுவர்களே. தேன்கூட்டை ஒத்த அந்த அறைகள் ஒரு கன அங்குலத்தில் 125 கோடிக்கும் மேல் இருக்கும் என்று அவர் கணக்கிட்டார். ‘செல்’ என்று அவர் இட்ட பெயர், பின்னாளில் உயிருள்ள அலகையே குறிக்கும் சொல்லாயிற்று. அவர் பார்த்தவை இறந்த செல்கள் என்பது சுவையான முரண்.

அழுத்தும்போது செல் சுவர்கள் மடிந்து, விட்டவுடன் நிமிர்கின்றன. ரப்பரை ஒருபுறம் அழுத்தினால் மறுபுறம் பிதுங்கும். தக்கை பெரும்பாலும் பிதுங்குவதில்லை. அதனால்தான் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள தக்கையைச் சுமார் 18 மில்லிமீட்டர் கழுத்துக்குள் செலுத்த முடிகிறது. பின்னர் அது விரிய முயன்றபடியே கண்ணாடியை இறுக்கிக்கொள்கிறது.

மரம் சுமார் 25 வயதை எட்டிய பிறகுதான் முதன்முறை பட்டை உரிக்கிறார்கள். ஃபெல்லோஜென் செல்கள் இளகி இருக்கும் மே முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களே அதற்கு ஏற்றவை. கோடரியால் நெடுக வெட்டி, அதன் முனையை உள்ளே திருகி நெம்பினால் பட்டை பலகையாகப் பெயர்ந்து வரும்; வெட்டு ஆழமாகிவிட்டால் உயிருள்ள உட்பட்டை காயப்படும் என்பதால், கைப்பழக்கம் உள்ளவர்களே இதைச் செய்கிறார்கள். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தைத் தண்டில் வண்ணத்தால் எழுதிவிடுகிறார்கள். பழைய ஃபெல்லோஜென் அழிந்துபோனாலும், சில வாரங்களில் உட்பட்டைக்குள் புதியது தோன்றிவிடுகிறது. போர்ச்சுகலில் அடுத்த உரிப்புக்குக் குறைந்தது 9 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முதல் இரண்டு உரிப்புகளின் தக்கை கரடுமுரடானது. புட்டிக்கு உகந்த சீரான பட்டை மூன்றாவதிலிருந்தே கிடைக்கிறது.

இவ்வளவு இறுக்கமான போர்வைக்குள் உயிருள்ள தண்டு சுவாசிக்க வேண்டுமே! அதற்காகப் பட்டையில் ஆங்காங்கே பட்டைத்துளைகள், உள்ளிருந்து வெளியே நேராக ஓடும் பழுப்புநிறக் குழாய்களாக அமைந்துள்ளன. மரத்துக்கு இன்றியமையாத அவை புட்டிக்கு ஆகாதவை. நீளவாக்கில் அமைந்தால் ஒயின் கசியும். எனவே தக்கையைப் பலகையிலிருந்து தண்டின் நீளத்துக்கு இணையாகத் துளைத்தெடுக்கிறார்கள். அப்போது அந்தக் குழாய்கள் தக்கைக்குக் குறுக்கே ஓடி, இரு முனைகளும் கண்ணாடிச் சுவரில் முட்டி அடைபட்டுவிடுகின்றன.