கேத்திலில் படிவது ரேடியேற்றரிலும் படியும்

காலபோக உழவு தொடங்கி இரண்டு கிழமை ஆகவில்லை. அதற்குள் இது மூன்றாவது ஆள். இரணைமடுக் குளத்துக்குக் கீழே உழுதுகொண்டிருந்த பெடியன், சூட்டு முள் சிவப்பைத் தொட்டதும் உழவு மெசினை நிற்பாட்டி, கையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, என்ஜின் தண்ணீரை ஆறவைக்கிற ரேடியேற்றரின் மூடியைத் திருகியிருக்கிறான். முழங்கையிலிருந்து கழுத்துவரை அவிந்துபோனது. பக்கத்தில் நின்றவர் வாய்க்கால் தண்ணீரை வாளியோடு அள்ளி அந்தக் கொதிக்கிற என்ஜினுக்குள் ஊற்றியிருக்கிறார். பெடியன் ஆஸ்பத்திரியில். சடுதியாகக் குளிர்ந்து வெடிப்பு விழுந்த சிலிண்டர் ஹெட், அதுதான் என்ஜினின் மேல்மூடி, என் கராச்சில்.

மூடியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேற்குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் திறக்காதேங்கோ. துவாய், சாக்கு, கையுறை ஒன்றும் கதைக்கு உதவாது.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். மெசின் சொந்தக்காரரிடம் "கூலன்ட் ஊத்தினீங்களோ அண்ணை?" என்று கேட்டேன், ரேடியேற்றர் தண்ணீரோடு கலக்கிற மருந்தைத்தான். "அது கனடாச் சாமான் தம்பி, எங்கட வெக்கைக்கு என்னத்துக்கு?" என்றார். பதினைந்து வருடமாக இதே பதில். உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டும். இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கவிடாது, கொதிநிலையைக் கூட்டும். வெக்கைக்குத்தான் அண்ணை அது! லண்டனில் வீடு சூடாக்கும் பொயிலர் திருத்துகிற என் மச்சான் சொல்வான், அந்தக் குழாய்களைக் கழுவி நிரப்பும்போதும் துருத்தடுப்பு மருந்து கலக்காமல் விடுவதில்லை என்று. ஆட்கள் குடியிருக்கிற சூடான வீட்டுக்குள் எது உறையப்போகிறது? மருந்து போடாத வீடுகளில் அடியில் கறுப்புச் சேறு வடியுமாம். எங்களிடம் அது செம்மண் நிறத்தில் வடிகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, "எங்கட கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி." கண்ணாடி மாதிரித்தான். வீட்டுக் கேத்திலுக்குள் படிந்திருக்கிற சுண்ணாம்பை ஒருக்கா எட்டிப் பாருங்கள். வவுனியாப் பக்கம் ஆர்ஓ மெசினில் சுத்திகரித்த தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிற மனுசர், கிணற்றுத் தண்ணீரை லட்சக்கணக்கில் வாங்கின மெசினுக்கு ஊற்றுகிறார். அந்த ஹெட்டின் தண்ணீர் வழி ஒன்றுக்குள் என் சின்னவிரல் போகவேண்டும். பென்சில் முனைகூடப் போகவில்லை. ஸ்க்ரூட்ரைவரால் தட்ட, முட்டைக்கோது மாதிரிச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

கழுவுவது பெரிய வித்தையில்லை. ஆறின என்ஜினில் ரேடியேற்றரின் அடியை மட்டுமல்ல, என்ஜின் புளொக்கின் பக்கத்திலுள்ள, தண்ணீர் வடிக்கிற அடைப்பானையும் திறவுங்கள். பாதிப்பேர் அதைத் தொடுவதேயில்லை, சேறு கிடப்பதோ அங்கேதான். என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கிற தேர்மோஸ்டாட்டைக் கழற்றி, ரேடியேற்றருக்குள் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடியுங்கள், தெளிந்து வரும்வரை. கழற்றியதைத் திருப்பிப் பூட்டுங்கள். அதை எறியச் சொல்கிற மெக்கானிக் பாஸ்மாரும் இருக்கிறார்கள். சூடேறாமல் ஓடுகிற டீசல் என்ஜின் வீணாக எண்ணெய் குடித்துத் தேயும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

நிரப்ப, பற்றறிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீர். இல்லையா, கூரை நன்றாகக் கழுவுப்பட்ட பிறகு பிடித்த மழைத்தண்ணீர். கூலன்டை போத்தலில் எழுதின அளவுக்குக் கலக்குங்கள். ஆறுதலாக ஊற்றி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓடவிட, குமிழி குமிழியாகக் காற்று வெளியேறி மட்டம் இறங்கும். இறங்க இறங்க விட்டு நிரப்பி, அது கொதிக்குமுன் மூடுங்கள். ரேடியேற்றரின் வெளித்தகடுகளில் அடைந்த பதரையும் தட்டிவிடுங்கள்.

வடித்த கூலன்ட் இனிப்பான நஞ்சு. பேசினோடு முற்றத்தில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதேங்கோ, நாயும் ஆடும் வாய் வைக்கும், தவழுகிற பிள்ளையும் கை வைக்கும்.

வயலில் சூட்டு முள் ஏறினால் நிற்பாட்டி ஒரு மணித்தியாலம் நிழலில் இருங்கோ. அதையும் மீறிச் சுட்டுக்கொண்டால், ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. அந்தப் பெடியனுக்கு, செய்யக்கூடாத மாதிரி, கழுத்தெல்லாம் பற்பசை பூசித்தான் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.